எமுலேட்டர் எழுதலாம், கேமை விநியோகிக்கக் கூடாது

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு ரயிலேறும் இளைஞர்களே, பழைய கேம்களைக் கைபேசியில் ஓட்டும் எமுலேட்டர் உங்கள் திறமையைக் காட்ட அருமையான புராஜெக்ட். தயங்காமல் எழுதுங்கள். எது கூடும், எது கூடாது என்பதை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். களியக்காவிளையைத் தாண்டினாலும் இதில் மாற்றமில்லை. பதிப்புரிமைச் சட்டம், 1957 கேரளம், தமிழ்நாடு இரண்டுக்கும் பொதுவான மத்தியச் சட்டம்.

சட்டம் அனுமதிப்பது

முறையாக வாங்கிய மென்பொருளுக்குக் காப்புப் பிரதி எடுக்கலாம். அது இயங்கும் விதத்தைக் கவனித்துச் சோதிக்கலாம். நீங்கள் தனியாக எழுதிய புரோகிராம் அதனுடன் சேர்ந்து இயங்கத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதில் கிடைக்காவிட்டால், அதையும் ஆராய்ந்து எடுக்கலாம். பிரிவு 52 இவற்றை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. அமெரிக்காவிலும் 2000-இல் சோனி தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிளேஸ்டேஷன் எமுலேட்டர் எழுதிய கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் பக்கமே நின்றது.

சிக்கல் தொடங்கும் இடம்

1. கேமின் நகலான ரோம் கோப்புகளையும், கருவியின் உள் மென்பொருளான பயாஸ் கோப்பையும் ஆப்புக்குள் வைக்காதீர்கள். அவை கிடைக்கும் தளத்துக்கு இணைப்பும் தராதீர்கள்.

2. பூட்டை உடைக்காதீர்கள். ஸ்விட்ச் கேம் கருவிக்கான எமுலேட்டரான யுசுவின் மீது, கேம்களின் பாதுகாப்புப் பூட்டை மீற உதவியதாக அக்கருவியைத் தயாரிக்கும் நிண்டெண்டோ வழக்குத் தொடுத்தது. 2024 மார்ச்சில் யுசுவை உருவாக்கியவர்கள் 24 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு அதை மூடினர். உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைத்தால் நம் நாட்டில் பிரிவு 65ஏ இரண்டாண்டு வரை சிறை விதிக்கிறது.

3. மொபைல் கடை நடத்துபவர்கள் மெமரி கார்டில் கேம் ஏற்றிக் காசு வாங்க வேண்டாம். தெரிந்தே மீறினால் பிரிவு 63-இன் கீழ் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

ஸ்டோர் விதிகள்

கூகுள் பிளேயில் எமுலேட்டர்கள் பல ஆண்டுகளாக உள்ளன. ஆப்பிள் 2024 ஏப்ரலில்தான் கதவைத் திறந்தது. அதே மாதம் டெல்டா என்ற எமுலேட்டர் வெளிவந்தது. வேறொருவரின் பழைய எமுலேட்டரை நகலெடுத்ததாகப் புகார் எழுந்த ஐஜிபிஏ என்ற ஆப் நீக்கப்பட்டது. ஆப் வழியே கிடைக்கும் எல்லாவற்றுக்கும் டெவலப்பரே பொறுப்பு என்கிறது ஆப்பிள் விதி 4.7.

செலவையும் கணக்கிடுங்கள். டெவலப்பர் கணக்குக்குக் கூகுளுக்கு ஒரே முறை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். கூகுளில் புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்கினால், வெளியிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்திருக்க வேண்டும்.

பிறர் கோடை எடுத்தால் அதன் உரிமத்தைப் படியுங்கள். சோனியின் பிஎஸ்பி கேம் கருவிக்கான எமுலேட்டரான பிபிஎஸ்எஸ்பிபி ஜிபிஎல் உரிமத்தில் உள்ளது. அதை மாற்றி வெளியிட்டால் உங்கள் சோர்ஸ் கோடையும் தர வேண்டும்.

வேலைக்கு உதவும்படி

வேலையில் இருப்பவர்கள் நியமன ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஓய்வு நேரத்தில் எழுதிய கோடுக்கும் நிறுவனம் உரிமை கோரும் ஷரத்து அதில் இருக்கலாம். அலுவலக லேப்டாப்பில் சொந்த வேலை வேண்டாம்.

நேர்காணலில் காட்ட, ஆர்வலர்கள் தாங்களே உருவாக்கி இலவசமாகப் பகிர அனுமதித்த ஹோம்ப்ரூ கேம்களை ஓட்டுங்கள். பிராசசர் கட்டளைகளை எப்படிப் படித்தீர்கள், ஒலியையும் படத்தையும் எப்படி ஒத்திசைத்தீர்கள் என்று விளக்குங்கள். வேலை தருபவர் மதிப்பது அந்த அறிவைத்தான். பணம் வாங்கி வெளியிடும் எண்ணமிருந்தால், அதற்குமுன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.