நைட்ரோ டிரக்குக்குப் புது இன்ஜின், புது பைப் வாங்கப் போறீங்களா?

ரிமோட்டில் ஓடும் நைட்ரோ டிரக் ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால், 'பெரிய இன்ஜின் போட்டா எப்படி இருக்கும்?' என்ற பேச்சும் பின்னாலேயே வந்துவிடும். சாமான்கள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு, விலையும் கையைக் கடிக்கும். செஞ்சியில் இருந்துகொண்டு தப்பான சாமானை வாங்கிவிட்டால் திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் ஆர்டர் போடும் முன் இதையெல்லாம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. இன்ஜினுக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் புது குளோ பிளக், அலசிக் காயவைத்த ஏர் ஃபில்டர், புது ஃபியூயல் டியூப் மூன்றையும் மாற்றி ஒரு டேங்க் ஓட்டிப் பாருங்கள். 'வலு போச்சு' என்று ஓரங்கட்டிய வண்டி பல சமயம் இதிலேயே பழையபடி சீறும்.

2. இன்ஜின் தேய்ந்துவிட்டதா என்று சந்தேகமா? ஆறிய இன்ஜினில் ஃப்ளைவீலைக் கையால் சுற்றுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுக்கிப் பிடித்தால் நல்ல உயிர் இருக்கிறது, வழவழவென்று சுற்றினால் தேய்மானம். அப்போதும் பிஸ்டன், ஸ்லீவ் செட் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். முழு இன்ஜின் விலை மிச்சமாகும்.

3. ஐடிலில் ஒரே சீராக நிற்காமல் ஏறி இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். மற்ற வாய்களை அடைத்துவிட்டு ஃபியூயல் டியூப் வழியாக ஊதி, கார்புரேட்டர் அடியிலும் பின்மூடி ஓரத்திலும் சோப்பு நுரையைத் தடவினால், கசிகிற இடத்தில் முட்டை விடும். பத்து ரூபாய் ஓ-ரிங்கில் முடிகிற வேலைக்கு இன்ஜினையே மாற்றாதீர்கள்.

4. கடைக்காரர் 12, 15, 18, 21, 28 என்று சொல்வது கன அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 12 என்றால் சுமார் 2 சிசி, 15 என்றால் 2.5, 18 என்றால் 3, 21 என்றால் 3.5, 28 என்றால் 4.6 சிசி. பொதுவாக 18 வரை சின்ன பிளாக், 21-லிருந்து பெரிய பிளாக். சின்ன பிளாக் இருக்கையில் பெரியது அப்படியே உட்காராது.

5. டிராக்ஸஸ் டி-மேக்ஸின் பழைய 2.5 சிசி வண்டி வைத்திருப்பவர்கள், அதே கம்பெனியின் 3.3 சிசி இன்ஜினை முதலில் விசாரிப்பதுதான் புத்திசாலித்தனம். எச்பிஐ சாவேஜ் வைத்திருப்பவர்களுக்குக் கவலை குறைவு. அது ஆரம்பத்திலிருந்தே பெரிய பிளாக் வண்டி.

6. ஆர்டர் போடும் முன் நான்கைப் பாருங்கள்: கிராங்க் ஷாஃப்ட்டின் நீளமும் மரையும், புகை வாய் பக்கவாட்டிலா பின்னாலா, ஸ்டார்ட் செய்யும் முறை, கார்புரேட்டர் கை எந்தப் பக்கம் அசைகிறது என்பது. நான்கையும் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து போட்டோ எடுத்துக் கடைக்கு அனுப்பிவிடுங்கள், வாய்ப்பேச்சில் வரும் குழப்பம் இருக்காது.

7. ரேஸ் இன்ஜின் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று பாயாதீர்கள். பலவற்றில் இழுத்து ஸ்டார்ட் செய்யும் கயிறு இருக்காது, ஸ்டார்ட்டர் பாக்ஸ் தனியாக வாங்கவேண்டும். குளோ பிளக்கிலும் சாதா, டர்போ என்று இரண்டு வகை உண்டு. ஒன்றின் ஹெட்டில் இன்னொன்று பொருந்தாது.

8. கையில் இருக்கிற பணம் இன்ஜின், பைப் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் என் ஓட்டு பைப்புக்குத்தான். டூ-ஸ்ட்ரோக் எக்ஸ்எல் சூப்பரில் சைலென்சர் கரி அடைத்தால் வண்டி இழுக்காமல் திணறுமே, அதுபோல இந்தக் குட்டி இன்ஜினுக்கும் பாதி உயிர் பைப்பில்தான் இருக்கிறது. உள்ளே எரிந்த புகை பைப்பின் குறுகலில் மோதித் திரும்பும்போது, எரியாமல் வெளியே ஓடப்பார்த்த எரிபொருளையும் திரும்பத் தள்ளிவிடும். அந்தத் தள்ளல் சரியான நேரத்துக்கு வந்தால் அதே இன்ஜினில், அதே எண்ணெயில் கூடுதல் வலு கிடைக்கும்.

9. ஹெடரும் பைப்பும் நீளமாக இருந்தால் குறைந்த சுற்றிலேயே இழுவை வரும், குட்டையாக இருந்தால் உச்ச வேகம் கூடும். நம்ம பக்கம் பாறையும் மேடும் காய்ந்த ஏரி மண்ணும்தானே? இழுவைக்கான பைப்பையே கேட்டு வாங்குங்கள். வழவழ தார்த்தளத்தில் ஓடும் ரேஸ் பைப்பை இங்கே போட்டால் மேட்டில் வண்டி முக்கும்.

10. பைப் மாற்றிய அன்றே பழைய டியூனிங்கில் முறுக்காதீர்கள். ஹை-ஸ்பீடு ஊசியைக் கால் சுற்று இடப்பக்கம் திறந்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி வாருங்கள். நல்ல டியூனிங்கில் பைப்பிலிருந்து மெல்லிய நீலப் புகைக் கோடு தொடர்ந்து தெரியவேண்டும்.

11. ஹெடரையும் பைப்பையும் இணைக்கும் சிலிக்கான் குழாய் அடிக்கடி கருகிப்போகிறதா? உள்ளே இரண்டு முனைகளும் கிட்டத்தட்ட தொட்டுக்கொண்டு இருக்கும்படி மாட்டுங்கள். இடைவெளி விட்டால் சூட்டுப் புகை நேராக சிலிக்கானைத் தின்றுவிடும்.

12. பைப்பிலிருந்து டேங்குக்குப் போகும் சின்ன பிரஷர் டியூபைப் பலர் கவனிப்பதில்லை. அதில் விரிசல் விட்டால் எண்ணெய் ஒழுங்காக வராது, இன்ஜின் காய்ந்து சூடேறும்.

13. அலுமினிய பைப் விண்டுவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். ஆர்கான் வெல்டிங் செய்யும் பட்டறையில் கொடுத்தால் ஒட்டித் தருவார்கள். உள்ளே ஊறிய எண்ணெயை நன்றாகக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோகவேண்டும்.

14. வேகம் மட்டும்தான் வேண்டும் என்றால் கிளட்ச் பெல்லில் ஒரு பல் கூடுதலாக உள்ளதை மாட்டிப் பாருங்கள், இன்ஜின் விலையில் சின்னப் பங்குதான். ஒரேயடியாக இரண்டு மூன்று பல் கூட்டினால் கிளட்ச் வெந்துவிடும்.

15. சித்திரை, வைகாசி வெயிலில் சூட்டைப் பார்க்காமல் ஓட்டவே கூடாது. இன்ஜின் ஹெட் 105 முதல் 125 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் பயமில்லை. கொரோனா நேரத்தில் வாங்கிய நெற்றி தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, அது காய்ச்சல் சூட்டோடு நின்றுவிடும். கருவியே இல்லாவிட்டால் ஹெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூன்று நான்கு விநாடி கொதித்து மறைந்தால் சரி, பட்டவுடன் 'சுர்'ரென்று பறந்தால் வண்டியை நிறுத்துங்கள்.

16. ஏரி மண்ணில் ஓட்டிய அன்றே ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, ஃபில்டர் ஆயில் விட்டுப் பிசைந்து மாட்டுங்கள். கல்தூள் உள்ளே போனால் எத்தனை ஆயிரம் கொடுத்த ஸ்லீவும் உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிடும். இரண்டு ஸ்பாஞ்ச் வைத்துக்கொண்டால் ஒன்று காயும்போது இன்னொன்று ஓடும்.

17. புது இன்ஜினை முதல் சில டேங்குக்கு எண்ணெய் அதிகமாகத் திறந்துவிட்டு, பாதி முறுக்கில் மட்டும் ஓட்டுங்கள். நடுநடுவே ஆறவிடுங்கள், ஆறும்போது பிஸ்டன் கீழே இருக்கட்டும். குளிர்கால விடியலில் ஹேர் டிரையரால் ஹெட்டைச் சூடாக்கிவிட்டு ஸ்டார்ட் செய்தால் புது ஸ்லீவுக்கு நோகாது.

18. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நைட்ரோ எண்ணெயில் பெரும்பங்கு மெத்தனால். 2023 மே மாதம் நம்ம விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயமாகப் பல உயிர்களைக் குடித்தது அதே மெத்தனால்தான். தமிழ்நாட்டில் அது கட்டுப்பாட்டில் உள்ள சரக்கு, அதனால் பில்லோடு விற்கும் கடையில் மட்டும் வாங்குங்கள், வீட்டில் கலக்கும் யோசனையே வேண்டாம். தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். வந்த கேனிலேயே, பெயர் ஒட்டி, பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

19. மெத்தனால் தீ பட்டப்பகலில் கண்ணுக்கே தெரியாது. எண்ணெய் ஊற்றும்போது இன்ஜினை அணைத்துவிடுங்கள், பக்கத்தில் நனைத்த சாக்கு ஒன்று இருக்கட்டும். கேனின் மூடியை உடனே இறுக்கிவிட்டால் ஈரம் இழுத்துக் கெட்டும் போகாது.

20. ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்ச எண்ணெய் எரிந்து தீரும் வரை ஓடவிடுங்கள். பிறகு பிளக் ஓட்டையில் இரண்டு சொட்டு ஆஃப்டர்-ரன் ஆயில் விட்டுச் சுற்றி வையுங்கள். மழைக்காலத்தில் பேரிங் துருப்பிடிக்காமல் இருக்க இது உதவும்.

21. செஞ்சிக் கோட்டைக்குள் ஓட்டிப் பார்க்க ஆசை வரும், வேண்டவே வேண்டாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை, 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டன. தண்ணீர் வற்றிய ஏரியோ, ஆள் நடமாட்டமில்லாத சங்கராபரணி மணலோ போதும். வெள்ளிக்கிழமை சந்தைக்கு ஆடு ஓட்டி வரும் நேரத்திலும், மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டம் போகும் வழியிலும் வண்டியை எடுக்காதீர்கள். சத்தத்துக்கு ஆடு மிரண்டால் ரோட்டில் பாயும்.

22. மாற்றிய பழைய இன்ஜினைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கார்புரேட்டர், பின்மூடி, ஃப்ளைவீல், ஸ்க்ரூ எல்லாம் கழற்றி, எண்ணெய் தடவி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வையுங்கள். அதே மாடல் வைத்திருக்கும் இன்னொரு வீட்டுக்கு அது அவசரத்துக்கு உதவும்.