இரவில் அழும் பச்சைப்பிள்ளை

வேதபாடம்: 1 சாமுவேல் 1:21-23



சேரப்பணஞ்சேரியில் ஒரு விசுவாசியின் வீட்டுக்கு ஜெபிக்கப் போயிருந்தேன். பிள்ளை பிறந்து இருபது நாள். புருஷனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. அந்த வாரம் நைட் ஷிப்ட். தங்கச்சி கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

"பாஸ்டர், ராத்திரியெல்லாம் தூங்கவே மாட்டேங்குது. பொல்லாத ஆவின்னு சொல்றாங்க. நான் முழு இரவு ஜெபத்துக்கு வராததாலயா?" என்று அழுதாள். தூங்க வைக்க இருமல் மருந்து கொடுக்கும்படி யாரோ சொல்லி, பாட்டிலும் தயாராக இருந்தது.

ஆவியைக் கடிந்துகொள்ள நானும் கையை நீட்டினவன்தான். அப்போது அன்னாளின் ஞாபகம் வந்தது. அவளைப்போல ஜெபித்தவள் யார்? ஆனாலும் சாமுவேல் பால் மறக்கும்வரை அவள் சீலோவுக்குப் போகவில்லை. எல்க்கானாவும் அவளைக் குறை சொல்லவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்ததும் ஊழியமே.

1. ஏன் விழிக்கிறது? பச்சைப்பிள்ளையின் வயிறு சிறியது. ஒரு நாளில் 8 முதல் 12 தரம் பால் வேண்டும். சுமார் 16 மணி நேரம் தூங்கினாலும் துண்டு துண்டாகத்தான் தூங்கும். இரவு பகல் பேதம் 2, 3 மாதத்தில்தான் மெல்லப் பிடிபடும். இது சாபமல்ல, சிருஷ்டிப்பு.

2. என்ன செய்யலாம்? பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் காட்டுங்கள், பேசுங்கள், பாடுங்கள். இரவில் விளக்கைக் குறைத்து, டிவியை அணைத்து, பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் வரத் தட்டி, பேச்சில்லாமல் கிடத்துங்கள். மல்லாக்கவே கிடத்துங்கள், தலையணை வேண்டாம். 1 இராஜாக்கள் 3:19-ல் தூக்கத்தில் பிள்ளைமேல் புரண்டுவிட்ட தாயை மறவாதிருங்கள். அசந்துபோன தாயின் அருகில் பிள்ளைக்குத் தனி விரிப்பு போடுங்கள்.

3. எது கூடாது? இருமல் மருந்து, பிராந்தி சொட்டு, தேன் எதுவும் கூடாது. உயிருக்கே ஆபத்து. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. பால் குடிக்க எழும்பாமல் துவண்டு கிடந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, ஜெபித்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவரிடம் போவது அவிசுவாசமல்ல.

4. சபைக்கு ஒரு வார்த்தை. சகோதரனே, ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒரு மணி நேரமாவது பிள்ளையை வாங்கிக்கொள், அவள் தூங்கட்டும். சகோதரிகளே, "ஜெபத்துக்கு ஏன் வரல?" என்று கேட்பதைவிட ஒரு வேளை சோறு கொண்டுபோங்கள்.

அன்று தாய்க்குப் பெலன் கேட்டு ஜெபித்தேன். பாட்டிலை நானே எடுத்து வந்துவிட்டேன். பிள்ளை அன்று ராத்திரியும் மூன்று தரம் எழுந்ததாம். ஆனால் அவள் அழவில்லை.