தொழில்முனைவோரின் இல்லறம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தொழிலில் வெற்றி, மணவாழ்க்கை, பிள்ளை வளர்ப்பு, தன் வளர்ச்சி ஆகியவற்றை ஒருங்கே நடத்திச் செல்வது குறித்துத் தொழில்முனைவோரிடையே வழங்கும் கருத்துகளில் பல, நிறுவனம் நிலைபெற்ற பிறகு மேடைகளில் சொல்லப்பட்டவை. ஆகவே நிலைபெறுவதற்கு முந்தைய ஆண்டுகளில் வீட்டுக்குள் யார் எதைச் சுமந்தார் என்ற கணக்கு அவற்றில் இடம்பெறுவதில்லை. அந்தக் கணக்கைப் பார்ப்பதற்குப் புனே பொருத்தமான நகரம். பிம்ப்ரி-சிஞ்ச்வாடு, போசரி போன்ற பகுதிகளில் பொறியியல் தொழிற்சாலைகளையும் ஹிஞ்சவாடியில் மென்பொருள் நிறுவனங்களையும் வளர்த்த இந்நகரத்தில், கொதிகலன்களும் வெப்ப ஆற்றல் கருவிகளும் செய்யும் தெர்மாக்ஸ், 1981இல் தொடங்கப்பட்டு 1983இல் பெங்களூருக்குப் பெயர்ந்த இன்ஃபோசிஸ் ஆகிய இரு நிறுவனங்களின் குடும்ப வரலாறு, அந்தந்தக் குடும்பத்தினராலேயே பலமுறை பொதுவெளியில் விரிவாகப் பேசப்பட்டிருக்கிறது. பரவலாக நிலவும் ஆறு நம்பிக்கைகளை இவ்விரு வரலாறுகளையும், ஆய்வுகளும் சட்டமும் காட்டும் செய்திகளையும் கொண்டு இங்கே சரிபார்க்கலாம்.

நம்பிக்கை 1: நிறுவனம் என்பது நிறுவனர் ஒருவருடைய துணிவில் எழுவது

உண்மை: இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி 1976இல் புனேயில் தொடங்கிய சாஃப்ட்ரானிக்ஸ் என்னும் முதல் முயற்சி நிலைக்காமல் போன பிறகு, அவர் பட்னி கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸில் பணிக்குச் சேர்ந்தார். அங்கிருந்து வெளியேறிய ஏழு பொறியாளர்கள் 1981 ஜூலையில் இன்ஃபோசிஸைப் பதிவு செய்தபோது, அதற்கான முதற்பணமாகிய 10,000 ரூபாய் அவருடைய மனைவி சுதா மூர்த்தியின் சேமிப்பிலிருந்து வந்தது. டெல்கோ நிறுவனத்தின் முதல் பெண் பொறியாளராக 1974இல் பணியில் சேர்ந்திருந்த சுதா, கணவரின் நிறுவனம் வருவாய் ஈட்டத் தொடங்காத காலத்தில் வால்சந்த் குழுமத்தில் கணினிப் பகுப்பாய்வாளராகப் பணியாற்றிக் குடும்பச் செலவைத் தாங்கினார். 1980இல் பிறந்த மகள் அக்‌ஷதா, தொடக்க ஆண்டுகளில் ஹூப்ளியில் பாட்டி, தாத்தாவின் பொறுப்பில் வளர்ந்தார். நிறுவனத்தின் கணக்கேட்டில் முதலீடாகப் பதிவாவது அந்தப் பத்தாயிரம் மட்டுமே என்றாலும், மாதச் சம்பளம் தந்த பாதுகாப்பும் மூத்தோர் ஏற்ற குழந்தைப் பராமரிப்பும் அதற்கு ஈடான மூலதனமே ஆகும்.

இது ஒரு குடும்பத்தின் தனிக்கதையாக நின்றுவிடுவதில்லை. இந்தியத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, அதாவது மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எவ்வெவற்றில் செலவிடுகிறார்கள் என்று அளக்கும் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடங்களையும், ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்களையும் செலவிடுகிறார்கள். ஆண் தொழில்முனைவோர் ஒருவர் தம் நேரம் முழுவதையும் தொழிலுக்குக் கொடுக்க முடிவதற்கும், பெண் தொழில்முனைவோர் ஒருவருக்கு அது அரிதாகவே வாய்ப்பதற்கும், மன உறுதியின் அளவைவிட இந்த இடைவெளியே பெரிய காரணமாக இருக்கிறது.

நம்பிக்கை 2: தொழிலும் குடும்பமும் தராசின் இரு தட்டுகள்; ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும்

உண்மை: இரண்டுக்கும் இடையே மோதல் உண்டு என்பதை ஆய்வாளர்கள் மறுப்பதில்லை. ஜெஃப்ரி கிரீன்ஹாஸும் நிக்கோலஸ் பியூட்டெலும் 1985இல் இதனை மூவகையாகப் பகுத்தனர்: ஓரிடத்துக்குக் கொடுத்த நேரம் மற்றோரிடத்தில் குறைவது நேர முரண், ஓரிடத்தில் ஏற்பட்ட மன அழுத்தம் மற்றோரிடத்தின் செயல்பாட்டைக் கெடுப்பது அழுத்த முரண், தொழிற்சாலையில் பயன்படும் கட்டளைத் தொனி சாப்பாட்டு மேசையில் தீங்காவது போன்றது நடத்தை முரண். இவற்றுள் முதல்வகையை மட்டுமே தராசு உவமை கணக்கில் எடுக்கிறது என்பதால், ஞாயிறு முழுவதும் வீட்டில் இருந்தும் மனம் முழுவதும் வராக்கடனில் கிடக்கும் ஒருவர் தாம் குடும்பத்துக்கு நேரம் ஒதுக்கிவிட்டதாக நம்ப அது இடம் கொடுத்துவிடுகிறது.

அதே கிரீன்ஹாஸ், கேரி பவலுடன் இணைந்து 2006இல் எழுதிய ஆய்வில், ஒரு பாத்திரத்தில் பெறும் திறனும் அனுபவமும் மற்றொன்றை வளப்படுத்துவதும் உண்டு என்று காட்டினார். தெர்மாக்ஸில் அதற்குச் சான்று இருக்கிறது. மும்பையின் டாடா சமூகவியல் ஆய்வுக் கழகத்தில் மருத்துவ, மனநலச் சமூகப் பணி பயின்ற, தெர்மாக்ஸை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த அனு ஆகா, அப்படிப்பைப் பல்லாண்டுகள் இல்லறத்துக்குள் வைத்திருந்துவிட்டு, 1985இல் தெர்மாக்ஸின் மனிதவளத் துறையில் சேர்ந்து, 1991 முதல் 1996 வரை அத்துறைக்குத் தலைமை ஏற்றார். மனிதரைப் புரிந்துகொள்ளக் கற்ற கல்வி, பொறியியல் நிறுவனத்தில் நேரடியாகப் பயன்பட்டது.

நம்பிக்கை 3: கணவனும் மனைவியும் ஒரே நிறுவனத்தில் இருக்கக் கூடாது

உண்மை: இந்த நம்பிக்கைக்கு மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இன்ஃபோசிஸே. குடும்பத்தினர் நிறுவனத்துக்குள் வருவது நல்லாட்சிக்கு ஒவ்வாது என்று கருதிய நாராயண மூர்த்தி, தம்பதியரில் ஒருவர் மட்டுமே உள்ளே இருக்கலாம் என்று வற்புறுத்தியதால், தகுதியிருந்தும் சுதா மூர்த்தி வெளியே நின்றார். அம்முடிவு தவறான இலட்சியவாதம் என்று 2024இல் அளித்த நேர்காணலில் மூர்த்தியே ஒப்புக்கொண்டார். மறுபுறம், புனேயைச் சேர்ந்த குவிக் ஹீல் நிறுவனத்தில் கைலாஷ் கட்கர், அவருடைய தம்பி சஞ்சய், கைலாஷின் மனைவி அனுபமா ஆகியோர் சேர்ந்தே பணியாற்றினர். அந்நிறுவனம் 2016இல் பங்குச்சந்தைக்கு வந்தது.

ஆகவே தம்பதியர் இணைவதா விலகுவதா என்பதைவிட, பொறுப்பும் அதிகாரமும் ஊதியமும் தெளிவாக வகுக்கப்பட்டிருக்கின்றனவா என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. வரிச் சட்டமும் ஒரு வகையில் இதையே கேட்கிறது. ஒருவருக்குக் கணிசமான பங்குரிமை உள்ள நிறுவனம் அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ கொடுக்கும் சம்பளம், பெறுபவரின் தொழில்நுட்ப அல்லது தொழில்சார் தகுதியால் ஈட்டப்பட்டதாக இல்லையெனில், பங்குரிமை உள்ளவரின் வருமானத்தோடு சேர்த்து வரி விதிக்கப்படும். பெயருக்கு இயக்குநராக்கி, மாதந்தோறும் கையெழுத்து மட்டும் வாங்கும் வழக்கம் வரியளவிலும் குடும்ப அளவிலும் பயன் தருவதில்லை.

நம்பிக்கை 4: முதல் பத்தாண்டுகள் இரவு பகல் பாராமல் உழைத்தால்தான் நிறுவனம் எழும்

உண்மை: இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் கூறியது நாடெங்கும் விவாதத்தைக் கிளப்பியது. முதலாம் உலகப் போர்க்காலப் பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிலாளர்களின் பதிவுகளை ஆராய்ந்த பொருளியலாளர் ஜான் பென்கவெல், வாரத்துக்கு ஏறத்தாழ 50 மணி நேரத்துக்கு மேல் உற்பத்தி, நேரத்துக்கேற்பக் கூடுவதில்லை என்றும், 70 மணி நேர உழைப்பின் விளைவு 56 மணி நேரத்தின் விளைவிலிருந்து மிகச் சிறிதே வேறுபட்டது என்றும் 2014இல் காட்டினார். தொழிற்சாலைக் கைவேலையின் அளவை நிறுவனரின் முடிவெடுக்கும் வேலைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் களைப்பில் எடுக்கும் முடிவு தெளிந்த நிலையில் எடுப்பதைவிடச் சிறந்ததாக இருக்கும் என்று எண்ணுவதற்கு அதில் எந்த ஆதாரமும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடும், இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் கூடுதலாக இருக்கின்றன.

நம்பிக்கை 5: பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்துவிட்டால் வீட்டுக்கு ஆபத்தில்லை

உண்மை: பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தில் பங்குதாரரின் பொறுப்பு அவருடைய பங்குத்தொகையோடு முடிகிறது என்பது சட்டத்தின் பொதுவிதி. ஆயினும் வங்கிக் கடன் கேட்டுப் போகும் நாளிலேயே இந்த வேலி பெரும்பாலும் திறந்துவிடுகிறது. ஏனெனில் இயக்குநர்களிடமும் பல வேளைகளில் அவர்களுடைய துணைவரிடமும் வங்கிகள் தனிப்பட்ட ஜாமீன் கேட்கின்றன. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது. போசரியின் உதிரிபாகப் பட்டறையானாலும் கோவையின் பம்ப்செட் தொழிற்சாலையானாலும் திருப்பூரின் பின்னலாடை யூனிட்டானாலும், ‘ஒரு கையெழுத்துதானே’ என்று துணைவரிடம் நீட்டப்படும் தாளின் உண்மையான பொருள் இதுதான்.

காப்பு வழிகளும் உண்டு. மத்திய அரசும் இந்தியச் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் இணைந்து 2000இல் உருவாக்கிய குறு, சிறு நிறுவனங்களுக்கான கடன் உத்தரவாத நிதியத்தின் கீழ், சொத்து அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ இல்லாமல் கடன் பெற முடிகிறது. 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் 6ஆம் பிரிவின் கீழ், கணவர் தம் உயிர்மீது எடுக்கும் காப்பீட்டுப் பாலிசியை மனைவி, பிள்ளைகளின் நலனுக்கென்று பாலிசியிலேயே குறிப்பிட்டு எடுத்தால், அத்தொகை அறக்கட்டளைச் சொத்தாகக் கருதப்படும். கடன்காரரை ஏமாற்றும் நோக்கம் மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அவர்கள் அதில் கைவைக்க முடியாது. தொழில் தொடங்கும்போதே செய்யக்கூடிய இச்சிறு ஏற்பாடு, நூற்றைம்பது ஆண்டுகளாகச் சட்டத்தில் இருந்தும் பலருக்குத் தெரியாமலேயே இருக்கிறது.

நம்பிக்கை 6: தொழில் மகனுக்குச் செல்வதே இயல்பு, தன் வளர்ச்சிக்கான காலம் ஓய்வுக்குப் பிறகு வருவது

உண்மை: தெர்மாக்ஸின் வரலாறு இவ்விரு கூற்றுகளையும் சேர்த்தே மறுக்கிறது. அனு ஆகாவின் தந்தை ஏ. எஸ். பதேனா 1966இல் தொடங்கிய நிறுவனம் மருமகனும் அனுவின் கணவருமான ரோஹின்டன் ஆகாவின் தலைமையில் வளர்ந்தது. 1980களில் ரோஹின்டனின் உடல்நலம் குன்றியதே அனு நிறுவனத்துக்குள் வருவதற்குப் பின்னணியாக அமைந்தது. 1996இல் ரோஹின்டன் காலமானதும் அனு தலைவரானார். அடுத்த ஆண்டிலேயே அவருடைய இளம் மகன் சாலை விபத்தில் இறந்தார். பொருளாதார மந்தத்தால் 1990களின் இறுதியில் நிறுவனத்தின் பங்கு விலை 400 ரூபாயிலிருந்து 36 ரூபாய்க்குச் சரிந்தபோது, பங்குதாரர் ஒருவர் பெயரிடாமல் எழுதிய கடிதமே தம்மை உலுக்கியதாக அவர் கூறியிருக்கிறார். அதன்பின் வெளி ஆலோசகர்களை அழைத்து, இயக்குநர் குழுவைத் திருத்தியமைத்து, குடும்பத்தினரை நிர்வாகப் பதவிகளிலிருந்து விலக்கித் தொழில்முறை மேலாளரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். துயரைத் தாங்கவும் தன் இயலாமை குறித்த அச்சத்தைக் கடக்கவும் விபாசனா தியானம் உதவியதென்றும் அவர் கூறியுள்ளார். தன் வளர்ச்சி இங்கே ஓய்வுக்குப் பின் வந்த அலங்காரமாக இல்லாமல், நெருக்கடியின் நடுவில் முடிவெடுக்கத் தேவைப்பட்ட திறனாக இருந்தது.

2004இல் அவர் இயக்குநர் குழுத் தலைமையை ஒப்படைத்தது, இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் வேதிப் பொறியியல் பயின்று 1990இல் பயிற்சிப் பொறியாளராக நிறுவனத்தில் சேர்ந்திருந்த மகள் மெஹர் புதும்ஜியிடம். மகளுக்கு வாய்ப்பளிப்பது இன்று விதிவிலக்கான பெருந்தன்மையும் ஆகாது. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமையாகச் சமபங்கு தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இலும் மகாராஷ்டிரம் 1994இலும் கொண்டுவந்தன. 2005இல் நாடு முழுமைக்கும் அது விரிவாக்கப்பட்டது. பங்குரிமை சட்டப்படி மகளுக்கு வந்து சேரும்போது, அதை நிர்வகிக்கும் பயிற்சியை மட்டும் மகனுக்கே கொடுத்து வைத்திருப்பது தொழிலுக்குத்தான் கேடாகும்.

இந்த ஆறு நம்பிக்கைகளுக்கும் அடியில் இருக்கும் பொதுவான பிழை, சமநிலை என்பது ஒருமுறை எட்டிவிட்டால் நிலைக்கும் தனிமனிதக் குணம் என்று கருதுவதாகும். அனு ஆகாவின் வாழ்வில் 1985, 1991, 1996, 2004 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றும் வேறொரு பொறுப்புப் பங்கீட்டைக் கேட்டன. இன்ஃபோசிஸ் தம்பதியருக்கு 1981இல் சரியாகப் பட்ட விதி, நாற்பதாண்டுகளுக்குப் பிறகு அதை வகுத்தவருக்கே தவறாகப் பட்டது. ஆகவே முதல் கடனுக்குக் கையெழுத்திடும் முன்பும், குழந்தை பிறக்கும்போதும், குடும்பத்தில் ஒருவர் நோயுறும்போதும், அடுத்த தலைமுறை நிறுவனத்துக்குள் நுழையும்போதும், வீட்டுச் செலவுக்கான வருமானம் யாருடையது, ஜாமீனின் உச்சவரம்பு எவ்வளவு, குழந்தைகளையும் முதியோரையும் பார்த்துக்கொள்பவர் யார், அவருக்கு நிறுவனத்தில் உரிய பங்கு என்ன என்ற நான்கையும் கணவனும் மனைவியும் எழுத்தில் புதுப்பித்துக்கொள்வது, கூட்டாளிகள் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கு நிகரான தொழில் நடைமுறையாகவே கொள்ளத்தக்கது.