விடுப்புக்குக் காரணம்: பேறுகாலம்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஓசூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது, இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி விடுப்பு விண்ணப்பத்தை என் மேசையில் வைத்தாள். காரணம் என்ற இடத்தில் முதலில் ‘டைபாய்டு’ என்று எழுதி அடித்திருந்தாள். பக்கத்தில் ‘மஞ்சள் காமாலை’ என்று எழுதி, அதையும் அடித்திருந்தாள். அவளுக்கு இரண்டு நோயும் இல்லை. ஏழு மாதம். துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டே கேட்டாள்: “எதைப் போட்டா மேடம் ஆபீஸ்ல ஒத்துக்குவாங்க?”

என்னிடம் பதில் இல்லை. அடுத்த செமஸ்டரில் அவள் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது. அன்று அவள் நம்பியதும், ஆபீஸ் நம்பியதும், நான் நம்பியதும் பெரும்பாலும் தவறு என்று பிறகு தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தத் தவறுகளை இங்கே ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறேன்.

நம்பிக்கை 1: மாணவிக்கு மகப்பேறு விடுப்பு என்று ஒன்றே கிடையாது.

உண்மை: பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி., 2021 டிசம்பர் 14 அன்று நாட்டின் எல்லாத் துணைவேந்தர்களுக்கும் கடிதம் எழுதியது. இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கு மகப்பேறு விடுப்பு தர உரிய விதிகளை வகுக்க வேண்டும். வருகைப் பதிவிலும், தேர்வு விண்ணப்பம் கொடுக்கும் கடைசி நாளிலும் தளர்வு தர வேண்டும் என்பது அதன் சாரம். பிஎச்.டி. ஆய்வாளர்களுக்கு அதற்கும் முன்பே, 2016 ஒழுங்குமுறையிலேயே, 240 நாள் வரை விடுப்புக்கு இடம் வந்துவிட்டது.

இதில் ஒரு குறை உண்டு. இளநிலை, முதுநிலைக்கு இத்தனை நாள் என்று அந்தக் கடிதம் எண் சொல்லவில்லை. அதைப் பல்கலைக்கழகங்களிடம் விட்டுவிட்டது. கேரள அரசு 2023 ஜனவரியில் எண்ணைச் சொன்னது: 18 வயது நிறைந்த மாணவிகளுக்கு 60 நாள், மாநிலப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும்.

நம் பகுதி மாணவிகள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரி ஓசூரில் இருந்தாலும் விதி ஓசூரில் இல்லை. கலை, அறிவியல் கல்லூரிகளுக்குச் சேலம் பெரியார் பல்கலைக்கழகம். பொறியியலுக்குச் சென்னை அண்ணா பல்கலைக்கழகம். அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகத்தில் பி.இ. படிப்பவருக்குப் பெலகாவியில் உள்ள விஸ்வேஸ்வரய்யா பல்கலைக்கழகம். துறைத் தலைவர் கைவிரிப்பது பல நேரம் மனமில்லாமல் அல்ல, அதிகாரம் இல்லாமல். ஆகவே விண்ணப்பம் முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகப் பதிவாளர் வரை போக வேண்டும். யு.ஜி.சி. கடிதம் எல்லைக்கு இரு பக்கமும் ஒன்றுதான்.

நம்பிக்கை 2: கம்பெனிப் பெண்களுக்குக் கிடைக்கும் 26 வாரம் மாணவிக்கும் சட்டப்படி உண்டு.

உண்மை: இல்லை. 1961ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டமும், 26 வாரமாக அதை உயர்த்திய 2017ஆம் ஆண்டுத் திருத்தமும் வேலை செய்யும் பெண்களுக்காகவே கொண்டுவரப்பட்டவை. முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். சிப்காட்டில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் பட்டம் படிக்கும் பெண்கள் இங்கே நிறையப் பேர். கம்பெனி தரும் விடுப்பு கல்லூரித் தேர்வுக்குத் தானாகச் செல்லாது. இரண்டு இடத்திலும் தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அப்ரண்டிஸ் சட்டம் அவரைத் தொழிலாளியாகக் கருதுவதில்லை, பயிற்சியாளராகவே கருதுகிறது. ஒப்பந்தத் தாளை முதலிலேயே படித்துப் பார்ப்பது நல்லது.

நம்பிக்கை 3: கண்டோனேஷன் ஃபீஸ் கட்டினால் வருகைக் குறைவு சரியாகிவிடும்.

உண்மை: கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள். 75 சதவீதம் வேண்டுமென்றால் 68 நாள் வர வேண்டும். 22 நாள்தான் விடலாம். மருத்துவச் சான்று காட்டி 65 சதவீதம் வரை மன்னிப்பு கிடைத்தாலும் 31 நாள். பிரசவித்த உடம்பு தேற ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். வாரம் ஆறு நாள் வகுப்பு நடக்கும் கல்லூரியில் அது 36 நாள். சுகப்பிரசவமாகி, அதுவரை ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத மாணவிக்கே ஐந்து நாள் உதைக்கிறது. சிசேரியன் என்றால், அதற்கு முன் மாதாமாதம் செக்கப்புக்குப் போன நாட்களையும் சேர்த்தால், சொல்லவே வேண்டாம். காய்ச்சலுக்காகச் செய்த விதி பேறுகாலத்தைத் தாங்காது. தனி விதி வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

நம்பிக்கை 4: கோர்ட்டுக்குப் போனால் எப்படியும் ஜெயித்துவிடலாம்.

உண்மை: தீர்ப்புகள் இரண்டு விதமாகவும் வந்திருக்கின்றன. கர்ப்பத்தால் தேர்வு எழுத முடியாமல் போன பி.டெக். மாணவியின் வழக்கில், 2021இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இளநிலை மாணவிகளுக்கும் பேறுகால ஆதரவு விதிகளை வகுக்கும்படி உத்தரப் பிரதேசத்தின் அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு உத்தரவிட்டது. 2023 மே மாதம் எம்.எட். மாணவி ஒருவரின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், படித்துக்கொண்டே தகப்பனாவதற்கு ஆணுக்குத் தடையில்லாதபோது பெண்ணைப் படிப்பா பிள்ளையா என்று தேர்வு செய்ய வைக்க முடியாது என்ற கருத்தில், விண்ணப்பத்தை மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. ஆனால் அதே டெல்லி நீதிமன்றம்தான் 2018இல் சட்ட மாணவி ஒருவருக்கு வருகைத் தளர்வு தர மறுத்தது.

வழக்கு என்பது கடைசிக் கதவு. கைக்குழந்தையோடு கோர்ட் படி ஏறும் நிலைக்கு ஒரு பெண்ணைக் கல்லூரி தள்ளக் கூடாது. கல்வித் திருத்தச் சட்டம் 1972இல் வந்த அமெரிக்காவில், மருத்துவர் தேவை என்று சொல்லும் காலம் வரை மாணவிக்கு விடுப்பு. திரும்பும்போது விட்ட இடத்திலேயே சேர்க்க வேண்டும். விதி தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது.

நம்பிக்கை 5: மாசமாக இருப்பவள் பரீட்சை எழுதக் கூடாது.

உண்மை: சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் படிப்பதும் எழுதுவதும் பஸ்ஸில் போவதும் தாய்க்கோ குழந்தைக்கோ கெடுதல் செய்யாது. உண்மையான எதிரிகள் இரத்தசோகையும் இரத்த அழுத்தமும். கடும் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் பரீட்சையைப் பார்க்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

கல்லூரி செய்யக்கூடியது எளிது: தரைத்தளத்தில் தேர்வு அறை, தண்ணீர், கேட்டவுடன் கழிவறைக்கு அனுமதி, கெமிஸ்ட்ரி லேபில் கரைப்பான் ஆவி படும் சோதனைக்கு மாற்று, கல்லூரி பஸ்ஸில் முன்னிருக்கை. அஞ்செட்டி மலைச்சாலை வளைவுகளில் பின்னிருக்கையில் குலுங்கி வந்தவர்களுக்கு அந்தக் கடைசி உதவியின் அருமை தெரியும்.

நம்பிக்கை 6: அரசு உதவி மாணவிக்குக் கிடைக்காது.

உண்மை: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக ரூ.18,000. வயது 19 நிறைந்திருக்க வேண்டும். ஏழைக் குடும்பமாக இருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவம். படிக்கிறாரா இல்லையா என்று திட்டம் பார்ப்பதில்லை. 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும்.

நம்பிக்கை 7: பிள்ளை பிறந்த பிறகு அது வீட்டுப் பாடு, கல்லூரிக்கு அதில் என்ன வேலை?

உண்மை: மாமியார் ரோஜாத் தோட்டத்துக்கும் மாமனார் கம்பெனிக்கும் போகும் வீடுகள் நம் பகுதியில் நிறைய; பகலில் பிள்ளையைப் பார்க்க ஆள் இருக்காது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்ற சட்டம் ஊழியர்களுக்கு மட்டுமே. பால் கொடுக்கக்கூட இடமின்றி, மதிய இடைவேளையில் மார்பு கட்டி வலிக்க, கழிவறையில் நின்று பாலைப் பீய்ச்சி விட்டுவிட்டு வகுப்புக்கு வந்த பெண்ணை எனக்குத் தெரியும். 2015இலேயே தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தாய்க்கு அரசு கொடுத்த தாழ்ப்பாள் போட்ட ஓர் அறையைப் பட்டத்துக்குப் படிக்கும் தாய்க்குக் கல்லூரி கொடுக்க முடியாதா?

நம்பிக்கை 8: இதற்கெல்லாம் வசதி செய்தால் இளவயதுத் திருமணம் பெருகும்.

உண்மை: இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். 2025 மார்ச்சில் அஞ்செட்டி மலைக்கிராமத்தில் 14 வயதில் திருமணம் செய்து வைக்கப்பட்ட சிறுமி ஒருத்தியைக் கதறக் கதறத் தோளில் தூக்கிக்கொண்டு போன காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. 18 வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்து வைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு உடனே சொல்ல வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

ஆனால் 20 வயதில் தாயாகும் மாணவியை வெளியே தள்ளுவது அந்தக் குற்றத்தைத் தடுக்காது. சியரா லியோன் நாடு கர்ப்பிணி மாணவிகளைப் பள்ளிக்கு வரவிடாமல் வைத்திருந்தது. மற்றவர்களும் கெட்டுப்போவார்கள் என்பதே அங்கேயும் சொன்ன காரணம். அது பாகுபாடு என்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 2020 மார்ச்சில் தடை நீங்கியது. “கல்யாணம் ஆச்சு, இனி படிப்பு எதுக்கு?” என்று கேட்கும் குடும்பத்துக்குக் கல்லூரியே பதில் எடுத்துக் கொடுக்கக் கூடாது. கல்யாணமானாலும் படிப்பு நிற்காது என்று ஊருக்குத் தெரிந்தால், படிப்பை நிறுத்தக் கல்யாணத்தைக் காட்டுவது குறையும்.

இப்போது என்ன செய்வது?

அவசரப்பட்டு டி.சி. வாங்காதீர்கள். தற்காலிக இடைநிறுத்தம் கேட்டு மீண்டும் சேர விதியில் வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழக விதிகளில் இருக்கிறது. டி.சி. வாங்கிவிட்டவர்களுக்கு 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உண்டு. வருகை குறைந்த பிறகு கேட்பதைவிட, ஐந்தாம் மாதத்திலேயே எழுதிக் கொடுங்கள். பிரசவ உத்தேசத் தேதி, மருத்துவச் சான்று, யு.ஜி.சி. கடிதத்தின் தேதி, கேட்கும் நாட்கள், இந்த நான்கும் விண்ணப்பத்தில் இருக்கட்டும். ஒரு நகலில் ஆபீஸ் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று அந்த மாணவி என் மேசைக்கு வந்தால், அடித்த இரண்டு சொற்களுக்குப் பக்கத்தில் ‘பேறுகாலம்’ என்று அவள் கையாலேயே எழுதச் சொல்வேன். கீழே, பரிந்துரைக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு, ஆபீஸுக்கு அவளோடு நானும் நடப்பேன்.