காயாத பழைய பெயின்டை என்ன செய்யலாம்?

தீபாவளி, தைப்பொங்கல் வந்தால் நமது லயங்களில் கதவு, ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது வழக்கம். மிச்சம் வைத்த பழைய டின்னை எடுத்து அடிப்போம். ஒரு வாரம் போனாலும் கை வைத்தால் ஒட்டும். டின்னை வீசுவதற்கு முன் இதை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

ஏன் காயவில்லை?

எனாமல் பெயின்ட் துணி காய்வது போலக் காய்வதில்லை. முதலில் அதிலுள்ள டர்பன்டைன் போன்ற திரவம் பறந்து போகும். பிறகு எண்ணெய்ப் பசை காற்றிலுள்ள ஒட்சிசனை இழுத்து இறுகும். இதை விரைவாக்க 'டிரையர்' என்ற மருந்து கலந்திருப்பார்கள். டின் பல வருடம் கிடந்தால் அதன் வேகம் குறைந்துவிடும். மலைநாட்டுக் குளிரும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் தாமதம். அடுப்புக் கரி, எண்ணெய்ப்பிசுக்கு மேல் அடித்தாலும் சரியாகக் காயாது. மண்ணெண்ணெய் கலக்க வேண்டாம். அது லேசில் பறக்காது.

செய்ய வேண்டியவை

1. மேலே கட்டிய ஆடையைக் கலக்காமல் எடுத்து வீசுங்கள். அடியில் படிந்ததைக் குச்சியால் நன்றாகக் கலக்கி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள்.
2. பலகைத் துண்டொன்றில் மெல்லியதாகப் பூசி ஒரு நாள் வையுங்க. ஒட்டாவிட்டால் பாவிக்கலாம்.
3. ஒட்டினால் அதே வகைப் புதிய பெயின்டைச் சமமாகக் கலந்து மறுபடி சோதியுங்கள். அப்போதும் ஒட்டினால் அந்த டின்னை விட்டுவிடுங்கள்.
4. மழையில்லாத நாளில், சவர்க்காரத்தால் கழுவிக் காய்ந்த பலகையில், மெல்லியதாகப் பூசுங்கள். தடிப்பாகப் பூசினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும்.
5. ஏற்கனவே பூசியது ஒட்டினால் ஜன்னலைத் திறந்து காற்றுப் படவிடுங்கள். அதற்கு மேலே இன்னொரு பூச்சு வேண்டாம். இரண்டு வாரத்திலும் ஒட்டினால் டர்பன்டைன் துணியால் துடைத்தெடுங்கள்.

கவனம்!

நம் நாட்டில் பெயின்டில் ஈயத்தின் அளவுக்குச் சட்ட எல்லை நடைமுறைக்கு வந்தது 2013 இல். அதற்கு முந்திய டின்னோ, வயது தெரியாத டின்னோ வீட்டுக்கு வேண்டாம். கதவு, தொட்டிலில் பூசினால் குழந்தைகள் கடித்து நக்குவார்கள். ஈயம் அவர்களின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

பெயின்டைச் சீக்கிரம் காயவைக்க அடுப்பை மூட்டாதீர்கள். துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். ஒரு காம்பராவில் பிடித்த தீ முழு லயத்துக்கும் பரவும். துணிகளைத் தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துக் காயவிடுங்கள். மிச்சப் பெயின்டைக் கானிலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். கீழ் லயத்தில் அந்தத் தண்ணீரைத்தான் பாவிக்கிறார்கள்.