முன் பிரேக் லொடலொடக்கிறதா?



நம்மில் பலர் வீட்டில் ஓடுவது பழைய வண்டிதான். 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே ஆண்டு வந்து 1996-இல் உற்பத்தி நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்றவை இன்றும் ரோட்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இவற்றில் அடிக்கடி வரும் புகார், "முன்னாடி லொடலொடன்னு சத்தம் வருதுப்பா" என்பது. உடனே "ஷூவை மாத்திடு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். காசு போகும், சத்தம் போகாது. ஏனென்றால் சத்தம் கேட்கும் இடம் வேறு, பிறக்கும் இடம் வேறு. ஸ்பேனரை எடுக்கும் முன்பே அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

அமைப்பு

முன் சக்கரத்தின் ஹப்புக்குள் இருப்பது டிரம். அதை மூடியிருப்பது பிரேக் பிளேட். பிளேட்டில் இரண்டு ஷூ, இரண்டு ஸ்பிரிங், ஒரு கேம், ஒரு ஆங்கர் பின் இருக்கும். லீவரைப் பிடித்தால் கேபிள் இழுத்துக் கேம் திரும்பும். ஷூ விரிந்து டிரம்மை உரசும். சுற்றுகிற டிரம் ஷூவையும் பிளேட்டையும் தன்னோடு சுற்றப் பார்க்கும். அதைத் தடுப்பது போர்க் காலில் இருக்கும் ஒரு சின்ன முனைதான். அது பிளேட்டின் ஸ்லாட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். இந்த முனையை மறந்துவிடாதீர்கள், கடைசியில் மறுபடி வருகிறேன்.

மூன்று கேள்விகள்

ஆள் நடமாட்டம் இல்லாத, கொஞ்சம் மேடுபள்ளமான ரோட்டில் மெதுவாக ஓட்டிக் கேளுங்கள்.

1. பிரேக்கை லேசாகத் தொட்டதும் சத்தம் நிற்கிறதா? நின்றால் கோளாறு பிரேக்கில்தான். ஸ்பிரிங் தளர்ந்து ஷூ கேமின் மேல் ஆடுகிறது, அல்லது கேம் உட்காரும் துளை தேய்ந்திருக்கிறது, அல்லது வெளியே கேம் ஆர்ம் போல்ட் லூசாக இருக்கிறது. ஷூ டிரம்மில் அழுந்தியதும் ஆட்டம் நின்றுவிடுவதால் சத்தமும் அடங்குகிறது.

2. பிரேக் பிடிக்கும்போது மட்டும் "டக்" என்று கேட்கிறதா? வண்டியைத் தரையில் நிறுத்தி, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் தள்ளுங்கள். நண்பர் ஒருவர் ஹேண்டில்பாருக்குக் கீழே, கோன் செட் உள்ள இடத்தில் விரல் வைத்துப் பார்க்கட்டும். அங்கே அதிர்ந்தால் கோன் செட் லூஸ். பிளேட் பக்கம் அதிர்ந்தால் ஸ்லாட்டும் முனையும் தேய்ந்திருக்கலாம், ஆக்சில் நட்டும் தளர்ந்திருக்கலாம். அடுத்து சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரத்தைத் தூக்கி, பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஹப்பில் ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங்.

3. பிரேக் பிடித்தாலும் விட்டாலும் சத்தம் மாறவே இல்லையா? அப்படியானால் பிரேக்கைக் கழற்றாதீர்கள். மட்கார்டு, நம்பர் பிளேட், ஹார்ன், ஹெட்லைட் போல்ட்டுகளைப் பாருங்கள். ஸ்போக் கம்பிகளை ஒரு சின்ன ஸ்பேனரால் தட்டுங்கள். லூசான கம்பி மட்டும் மந்தமாகச் சத்தம் கொடுக்கும்.

கழற்றினால்

டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஏர் பிடிக்காதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பது உண்டு. அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்துத் துணியைத் தூரப் போடுங்கள்.

லைனிங் 2 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். சிடி 100-இன் 110 மி.மீ. டிரம் 111 மி.மீ.யைத் தாண்டினால் டிரம்மும் தேறாது. ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே இழுக்காமலே இடைவெளி தெரிந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கேமுக்குக் கொஞ்சமாகக் கிரீஸ் வையுங்கள், லைனிங்கில் மட்டும் படக்கூடாது.

சில இடங்களில் ஷூவுக்கும் கேமுக்கும் நடுவே தகடு வைத்துச் சமாளிப்பார்கள். தேய்ந்துபோன லைனிங்கை இது மறைத்துவிடும். அதற்கு மேலும் தேய்ந்தால் கேம் அளவுக்கு மீறித் திரும்பி, விட்ட பிறகும் பழைய நிலைக்கு வராமல் சிக்கிக்கொள்ளலாம்.

மாட்டும்போது

இங்கேதான் அந்த முனை. சக்கரத்தைப் போடும் அவசரத்தில் முனையை ஸ்லாட்டில் உட்கார வைக்காமல் ஆக்சிலை முறுக்கிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. ரோட்டில் முதல்முறை பிரேக் பிடித்ததும் பிளேட் சக்கரத்தோடு சுற்றும், கேபிளை இழுக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓட்டுகிறவர் அப்பாவாக இருந்தாலும் அண்ணனாக இருந்தாலும் தூக்கி எறியப்படுவார். அதனால் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு உறுதி செய்யுங்கள்.

ஆக்சில் நட்டை முழுசாக முறுக்கும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டால் ஷூ டிரம்முக்கு நடுவில் சரியாக அமையும். சிடி 100-இல் லீவர் முனையில் 10 முதல் 20 மி.மீ. வரை ப்ரீ பிளே இருக்க வேண்டும். மற்ற வண்டிக்கு அதன் மேனுவலைப் பாருங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து, பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டே நாலைந்து தடவை பிரேக் பிடித்துப் பார்த்த பின்புதான் ஏறி உட்கார வேண்டும்.

சத்தம் நின்றால் மட்டும் போதாது நண்பர்களே, வண்டி நிற்க வேண்டும்.

— இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு