கழிவுநீரும் கெராங் ஓடும்

மாலைச் சந்தையில் சேறு வடியக் குவித்து விற்கப்படும் கெராங்கை அறியாதவர் நம்மிடையே இலர். கோல சிலாங்கூர், பேராவின் கோல செபத்தாங் முதலிய சேற்றுக் கடலோரங்களில் அது வளர்க்கப்படுகிறது. ஓட்டின்மேல் காணும் வரிகளைச் சுட்டி, "ஐயா, இதைச் சீப்பால் வாரியது யார்?" என்று என் பழைய மாணவன் ஒருவன் கேட்டதுண்டு. வாரியது உள்ளிருக்கும் உயிரேயாகும். ஓட்டின் உட்புறத்தை ஒட்டியுள்ள மெல்லிய தசைத்தோல், கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு விளிம்பில் சிறுகச் சிறுகப் பூசி ஓட்டை வளர்க்கிறது.

நீர் கெட்டால் மீன் வேறிடம் நீந்திச் செல்லும். கெராங்கால் அஃது இயலாது. ஓட்டை இறுக மூடிக்கொள்வதே அதற்குத் தெரிந்த தற்காப்பு. மூடியபின் உணவும் இல்லை. புதிய பிராணவாயுவும் இல்லை. அந்நிலையில் உடலினுள் அமிலங்கள் சேர்கின்றன. அமிலத்தின் வேகத்தை, ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதனைத் தணிக்க அவ்வுயிர் தன் ஓட்டின் சுண்ணாம்பையே கரைத்துக்கொள்கிறது. வீட்டுப் பலகையைப் பிடுங்கி அடுப்பெரிப்பது போன்ற நிலை! அடிக்கடி இவ்வாறு நேரின் வளர்ச்சி குன்றும்.

பிரான்சு நாட்டின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் 1970களின் பிற்பகுதியில் தோன்றிய கேடு இதனினும் விந்தையானது. மலாயில் தீராம் எனப்படும் சிப்பியை வளர்ப்பதே அங்குப் பலருக்குப் பிழைப்பு. அச்சிப்பியின் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வளர்ந்தவற்றின் ஓடுகளோ அளவுக்குமேல் தடித்து, இடையிடையே கூழ் நிறைந்த அறைகளுடன் பந்துபோல் உருண்டன. உள்ளே சதை சிறுத்திருந்தது. இத்தகைய சரக்கை யார் வாங்குவார்? ஆராய்ந்தபோது, படகுகளின் அடியில் பாசி ஒட்டாதிருக்கப் பூசிய சாயமே காரணம் எனத் தெரிந்தது. அதிலிருந்த டிரைபியூட்டில்டின் என்னும் வெள்ளீயச் சேர்மம், ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு கலந்தாலே, சிலவகைப் பெண் கடல்நத்தைகளுக்கு ஆணுறுப்பை வளரச் செய்து இனப்பெருக்கத்தையே நிறுத்தவல்லது. 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் அச்சாயம் பூசுவதைப் பிரான்சு 1982இல் தடை செய்தது. அதன்பின் குஞ்சுகள் மீண்டும் பெருகின. கப்பல்களுக்கும் அச்சாயத்தைத் தடுக்கும் அனைத்துலக உடன்படிக்கை 2008இல்தான் நடப்புக்கு வந்தது.

கடல் நமக்குத் தொலைவு என எண்ணுவோர் உளர். ரப்பர் ஆலைகளின் அமிலமும் அம்மோனியாவும் கலந்த கழிவுநீர் ஒரு காலத்தில் ஓடைவழி ஆற்றையும், ஆற்றுவழி கடலையும் சேர்ந்தது. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், 1978இல் ரப்பர் ஆலைக் கழிவுக்குத் தனி விதிகள் இயற்றப்பட்டன.

இனி நம் அடுப்பங்கரைக்கு வருவோம். நீரை ஓயாது வடித்து உண்ணும் இவ்வுயிர்களின் உடலில் நோய்க்கிருமிகளும், காட்மியம், காரீயம் போன்ற உலோகங்களும் திரள்கின்றன. உலோகம் எவ்வளவு கொதித்தாலும் நீங்காது, கிருமி சாகும். 1988இல் சீனாவின் ஷாங்ஹாய் நகரில், கழிவுநீர் கலந்த கடற்கரையிலிருந்து வந்த, நம் கெராங்கின் இனத்தைச் சேர்ந்த சிப்பியை அரைவேக்காட்டில் உண்டதால் ஏறத்தாழ 3 லட்சம் பேர் ஹெபடைடிஸ் ஏ என்னும் கல்லீரல் நோய்க்கு ஆளாயினர். நம்மவருள்ளும் சிலர், இரத்தம் இருந்தால்தான் சுவை என்று, கொதிநீரை ஒருமுறை ஊற்றி உடனே எடுத்துவிடுகின்றனர். அது போதாது. ஓடு திறந்தபின்னும் சில நிமிடங்கள் கொதிக்கவிட்டு, சதை சுருங்கி இறுகியதும் எடுத்தல் வேண்டும். வெந்தும் வாய் திறவாதவற்றை எறிந்துவிடுக.